சரிவான கான்கிரீட் முற்றத்தில் தண்ணீர் தேங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டை ஒட்டிய கான்கிரீட் முற்றத்தில் மழை விட்ட பிறகும் தண்ணீர் நிற்கிறது, அல்லது சுவரோரமாக வந்து சேர்கிறது என்றால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். உளியையும் சுத்தியலையும் எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு நல்ல மழையில் குடையோடு வெளியே போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் தயங்குகிறது, எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று நின்று கவனியுங்கள். இதைப் பார்த்தவர்களில் பலருக்குக் கான்கிரீட்டைத் தொடவேண்டிய தேவையே வருவதில்லை.

முற்றம் சரிவாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் தண்ணீர் நிற்கிறது?

மொத்தத் தளமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும், நடுவில் ஒரு தாழ்வு இருந்தால் தண்ணீர் அங்கே உட்கார்ந்துவிடும். கான்கிரீட் போட்ட அன்று மட்டப்பலகையைச் சரியாக இழுக்காமல் விட்டிருந்தால், அல்லது இளகிய கான்கிரீட்டில் கால் வைத்த இடத்தைக் கரணையால் மட்டும் தடவி மூடியிருந்தால், இந்தத் தாழ்வு அன்றைக்கே உண்டாகிவிடும். வெயில் காலத்தில் கண்ணுக்குத் தெரியாது. முதல் மழையில் தெரியும்.

இன்னொரு காரணம் மண் இறங்குவது. அஸ்திவாரத்துக்காகத் தோண்டிய பள்ளத்தை மண் கொட்டி மூடும்போது அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கியிருக்கமாட்டார்கள். அந்த மண் சில வருடங்களில் இறங்கும், அதன் மேலுள்ள கான்கிரீட்டும் சேர்ந்து இறங்கும். இந்த இறக்கம் சுவரோரம்தான் அதிகம் என்பதால், வெளிப்பக்கம் சாய்ந்திருந்த தளம் மெல்ல வீட்டுப்பக்கம் திரும்பிவிடுகிறது. மர வேர் ஒரு மூலையைத் தூக்கிவிட்டாலும் இதே கதைதான்.

மூன்றாவது காரணத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. தளத்தில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் தளத்தின் வெளி விளிம்பை ஒட்டியுள்ள தோட்ட மண்ணும் புல்லும் வருடா வருடம் உயர்ந்து, தளத்தைவிட மேலே வந்திருக்கும். ஓடி வந்த தண்ணீர் அந்த மண் வரப்பில் முட்டி நின்றுவிடும். மண்வெட்டியால் அந்த வரப்பைச் சீவி, விளிம்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே இறக்கினாலே வேலை முடிந்தது. முதலில் இதைப் பாருங்கள்.

வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) எவ்வளவு இருக்க வேண்டும்?

வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் இறக்கம். அடிக்கணக்கில் சொன்னால், அடிக்கு அரைக்கால் அங்குலத்திலிருந்து கால் அங்குலம் வரை. 10 அடி அகல முற்றத்தில் வெளி விளிம்பு சுவரோரத்தைவிட சுமார் இரண்டரை அங்குலம் தாழ்ந்திருந்தால் நிறைவான வாட்டம்.

துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக்கிய தளத்துக்கு அடிக்குக் கால் அங்குலம் கொடுப்பது நல்லது. வரிகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அந்த வரிகளே வாட்டத்துக்குக் குறுக்காக ஓடினால் தண்ணீர் இன்னும் தாமதமாகும். வாட்டத்தின் திசையிலேயே ஓடினால் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும்.

இருக்கிற வாட்டத்தை நானே அளக்க முடியுமா?

தாராளமாக. இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டமும் ஒரு ரசமட்டமும் போதும். சட்டத்தைச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகத் தரையில் வையுங்கள். ரசமட்டத்தை அதன் மேல் வைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை வெளி முனைக்கு அடியில் மரத்துண்டுகளைச் செருகுங்கள். செருகிய உயரம் 20 மில்லிமீட்டர் என்றால் வாட்டம் நூற்றுக்கு ஒன்று. 40 என்றால் ஐம்பதுக்கு ஒன்று. வெளி முனைக்குப் பதிலாகச் சுவர்ப்பக்க முனையைத் தூக்கவேண்டி வந்தால், தளம் வீட்டை நோக்கிச் சாய்ந்திருக்கிறது.

முற்றம் பெரிதாக இருந்தால் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல்தான் எளிது. கண்ணாடிபோலத் தெரியும் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சுவரிலும் மறு முனையை வெளி விளிம்பில் நட்ட குச்சியிலும் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒரே மட்டம். அங்கே கோடு போட்டு, கோட்டிலிருந்து தரை வரை இரண்டு இடத்திலும் டேப்பால் அளந்தால், வித்தியாசம்தான் இறக்கம். விளிம்புப் பக்க அளவு பெரிதாக இருக்கவேண்டும்.

ஒரே இடத்தில் அளந்து முடிவுக்கு வரவேண்டாம். இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் அளந்து ஒரு தாளில் படம் போட்டு எழுதிவையுங்கள். பக்கவாட்டிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். வெளிப்பக்கம் சரியாகச் சாய்ந்த தளம், கூடவே ஒரு மூலையை நோக்கியும் சாய்ந்திருப்பது உண்டு.

மழைக்குக் காத்திருக்காமல் பள்ளங்களைக் கண்டுபிடிக்க?

தளத்தைக் கூட்டிச் சுத்தமாக்கி, ஹோஸ் குழாயால் சுவரோரத்திலிருந்து தொடங்கி முழுவதும் நனையுங்கள். தண்ணீரை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து வந்து, தேங்கிய இடங்களின் ஓரமாகச் சாக்பீஸால் கோடு வரையுங்கள். ஒவ்வொரு தேக்கத்திலும் ஆழமான இடத்தில் ஸ்கேலை நிறுத்தி, ஆழத்தை அங்கேயே எழுதுங்கள். காய்ந்த பிறகு அந்தச் சாக்பீஸ் கோடுகள்தான் உங்கள் வேலைக்கான வரைபடம். பழைய தேக்கம் என்றால் சாக்பீஸ்கூட வேண்டாம்: கறுத்த வளையமும் மெல்லிய வண்டல் படிவும் எல்லையைக் காட்டிக்கொடுக்கும்.

தேங்குகிற எல்லாவற்றையும் சரிசெய்தே ஆகவேண்டுமா?

வேண்டாம். சுவரிலிருந்து தள்ளி, 3 மில்லிமீட்டருக்குள் நின்று, ஒரு நாளைக்குள் காய்ந்துவிடும் ஈரத்தால் பெரிய கேடு இல்லை. கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வரப் பொதுவாக ஒரு வாரம்போல ஆகும் என்பதால், அந்த அச்சமும் இதற்குப் பொருந்தாது. நடக்கிற வழியில் பாசி பிடித்து வழுக்கினால் மட்டும் கவனியுங்கள். குளிரில் தண்ணீர் உறையும் இடங்களில் இந்தச் சலுகை கிடையாது. பனிக்கட்டியாகும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருப்பதும் பெருத்து, மேல்தோலைச் செதில் செதிலாகக் கழற்றிவிடும்.

வாட்டம் வீட்டுப்பக்கம் இருக்கிறது. உடனே கவனிக்க வேண்டுமா?

ஆமாம். நடுமுற்றத்துப் பள்ளத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். சுவரோரம் சேரும் தண்ணீர் தளத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் இறங்கி, அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணைக் குழைக்கிறது. களிமண்ணாக இருந்தால் நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கும். மணற்பாங்காக இருந்தால் அரித்துக்கொண்டு போகும். இரண்டிலுமே தளத்துக்கு அடியில் வெற்றிடம் உண்டாகி, தளம் இன்னும் இறங்கி, தண்ணீர் இன்னும் வேகமாகச் சுவருக்கு வரும். தானே தன்னை வளர்க்கும் கோளாறு இது.

உள்பக்கம் தெரியும் அடையாளங்கள்: சுவரின் அடிப்பகுதியில் ஓதம், பெயின்ட் உப்பி உரிவது, வெள்ளைப் பொடியாக உப்புப் பூப்பது, வாசல் கதவின் கீழ்ச்சட்டம் ஊறிப்போய் இறுகுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும், உள்ளே பூசி மறைக்கும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே தண்ணீரை முதலில் திருப்புங்கள். தண்ணீர் வருவது நிற்காமல் உள்பூச்சுக்குச் செலவிடுவது வீண்.

முற்றத்தின் மேல்மட்டம் வீட்டின் உள்தரையைவிட, சுவரின் ஈரத்தடுப்பு அடுக்கையும்விட, சுமார் 150 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது பாதுகாப்பு. மழைத்துளி தரையில் பட்டுத் தெறித்துச் சுவரை நனைப்பதும் இதனால் குறையும்.

கூரைத் தண்ணீரையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 20 சதுர மீட்டர் முற்றத்தில் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர். அதே முற்றத்தில் 60 சதுர மீட்டர் கூரையின் மழைக்குழாய் வந்து கொட்டினால் கூடுதலாக 1,800 லிட்டர். ஆக, தளம் சமாளிக்க வேண்டியதில் நான்கில் மூன்று பங்கு அதன் மேல் பெய்யாத மழை.

மழைக்குழாயின் கடைசி வளைவில் ஒரு நீட்டுக் குழாயைச் சேர்த்து, முற்றத்தைத் தாண்டி மண் தரையிலோ வடிகாலிலோ விடுங்கள். அரை நாள் வேலை. கூரை ஓரத் தகரக் காடியில் இலை அடைத்து, தண்ணீர் குழாய்க்கே போகாமல் நேராக முற்றத்தில் வழிகிறதா என்றும் ஏறிப் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டையும் செய்து ஒரு மழையைப் பார்த்த பிறகே அடுத்த செலவைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

சுவருக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியைச் சிமென்ட் வைத்து அடைக்கலாமா?

சிமென்ட் வேண்டாம். வெயிலில் தளம் விரியும், இரவில் சுருங்கும். அந்த அசைவுக்காகத்தான் அங்கே இடைவெளி. கெட்டியான சிமென்ட் அடைப்பு ஒரு பருவத்துக்குள் ஓரமாக விட்டுப்போகும், தண்ணீர் பழையபடி இறங்கும்.

மண்ணையும் பழைய அடைப்பையும் குத்தி எடுத்து, ஊதிச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்கள். இடைவெளியைவிடச் சற்றுப் பருமனான ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்தி, அதன் மேல் வெளிவேலைக்கான பாலியூரித்தேன் சீலன்ட்டை இடுங்கள். சீலன்ட்டின் ஆழம் இடைவெளி அகலத்தில் பாதி இருந்தால் போதும். ஆழம் கூடினால் இழுபடும் தன்மை குறையும். கயிறு இல்லாமல் நேரடியாக நிரப்பினால், சீலன்ட் அடியிலும் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இது தண்ணீர் இறங்குவதைத் தடுக்கும், அவ்வளவுதான். வாட்டத்தைத் திருத்தும் வேலை தனியாகப் பாக்கி இருக்கிறது.

சின்னப் பள்ளத்தை நிரப்புவது எப்படி?

அவசரமில்லாமல் செய்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. சாதாரண சிமென்ட் மணல் கலவையை மெல்லிசாகத் தடவினால் அப்பளம்போலப் பெயர்ந்து வரும். வெளித்தளத்துக்கான பாலிமர் கலந்த ரிப்பேர் கலவை வாங்குங்கள். குறைந்தபட்சம் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு, அதிகபட்சம் எத்தனை என்பது பையிலேயே இருக்கும், அதை மீறவேண்டாம்.

முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் அடிக்கான்கிரீட் நன்றாக இருக்கிறது. பொக்கென்று கேட்டால் அந்தப் பகுதி அடியோடு பிரிந்திருக்கிறது. அதைக் கொத்தி எடுக்காமல் மேலே எதைப் போட்டாலும் நிற்காது.

சாக்பீஸ் கோட்டுக்குச் சற்று வெளியே, கட்டிங் மெஷினால் பத்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேர்க்கோடுகளாக வெட்டி, உள்பகுதியை உளியால் பொளியுங்கள். கலவையின் ஓரம் ஒன்றுமில்லாமல் தேய்ந்து முடியும் இடத்திலிருந்துதான் உரிதல் தொடங்குகிறது. வெட்டிய ஓரம் கலவைக்கு ஒரு தோள் கொடுக்கும். பிறகு தூசி, எண்ணெய், பாசி எதுவும் இல்லாமல் கழுவி, முந்தைய இரவே தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். வேலை செய்யும்போது கான்கிரீட் உள்ளே ஈரமாகவும் மேலே தண்ணீர் மினுமினுப்பு இல்லாமலும் இருக்கவேண்டும். காய்ந்த கான்கிரீட் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். தேங்கிய நீர் ஒட்டவிடாது.

அதே கலவையைக் கூழாகக் கரைத்து, விறைப்பான பிரஷ்ஷால் பொளிந்த பரப்பில் தேய்த்துவிடுங்கள். கூழ் காய்வதற்குள் கெட்டிக் கலவையைப் போட்டுக் கரணையால் அழுத்த வேண்டும். மட்டச்சட்டத்தை இரண்டு பக்கமும் உள்ள பழைய தளத்தின் மேல் ஊன்றி, வாட்டத்தின் திசையில் இழுத்தால், நிரப்பிய இடம் சுற்றியுள்ள சரிவோடு சேர்ந்துவிடும். கடைசியில் பழைய தளத்தின் வரிகளுக்கு ஏற்ப மெல்லத் துடைப்பம் இழுங்கள். உச்சி வெயிலில் செய்யாதீர்கள். இறுகத் தொடங்கியதும் ஈரச்சாக்கு போட்டு மூடி, பையில் சொன்ன நாள்வரை ஈரம் காக்கவும். அடுத்த நாள் ஹோஸ் வைத்து ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

ஒட்டுப் போட்ட இடம் நிறத்தில் தனித்துத் தெரியத்தான் செய்யும். அது கண்ணை உறுத்தினால் முழுத் தளத்துக்கும் ஒரு மேல்பூச்சு கொடுப்பதைத் தவிர வழியில்லை.

செல்ஃப் லெவலிங் கலவை ஊற்றினால் தானாகச் சமமாகிவிடாதா?

சமமாகிவிடும், அதுதான் பிரச்சினை. உங்களுக்குத் தேவை சரிவு. இந்தக் கலவை தண்ணீரைப்போல மட்டம் தேடி ஓடித் தாழ்ந்த பக்கம் போய்ச் சேரும். மேலும் இவற்றில் பல வீட்டுக்குள் பயன்படுத்துவதற்காகவே செய்யப்பட்டவை.

நிரப்பாமல், மேடான இடத்தைத் தேய்த்து எடுக்கலாமா?

தேங்கிய இடத்துக்கும் வெளி விளிம்புக்கும் நடுவே ஒரு மேடுதான் தடை என்றால், இதுவே நல்ல வழி. வைரக்கல் சக்கரம் பொருத்திய கிரைண்டரால் நாலைந்து மில்லிமீட்டர் வரை தேய்க்கலாம். அதற்கு மேல் போனால் ஜல்லி வெளியே தெரிந்து தளத்தின் தோற்றம் மாறும். ஒட்டுக் கலவை பெயர்ந்துபோகும் பயம் இதில் இல்லை.

பள்ளத்திலிருந்து விளிம்புவரை ஒரு சிறு காடி வெட்டுவதும் உண்டு. வேலை செய்யும், ஆனால் மண் அடைக்கும், நாற்காலிக் கால் சிக்கும். கம்பி போட்ட தளமென்றால் காடி கம்பிவரை போகக்கூடாது. தண்ணீர் பட்ட கம்பி துருவேறி உப்பி, கான்கிரீட்டையே பிளந்துவிடும்.

எந்த வெட்டு, தேய்ப்பு வேலையானாலும் அந்தத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். அதில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி, மீளாத நோயைக் கொடுக்கும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள், நுண்தூசிக்கான முகக்கவசம் அணியுங்கள். முகத்தில் கட்டும் துணி இதைத் தடுக்காது. மின் கருவியும் தண்ணீரும் சேரும் இடம் என்பதால், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுங்கள்.

துளை போட்டுத் தண்ணீரைக் கீழே இறக்கிவிடலாமா?

நான் பரிந்துரைப்பதில்லை. தளத்துக்கு அடியில் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் அங்கேயே தங்கி மண்ணை இளக்கி, தளத்தை இறக்கும். துளையும் சீக்கிரம் வண்டலால் அடைபடும்.

மேலே புதுக் கான்கிரீட் போட்டு வாட்டத்தை மாற்ற முடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலத் தளம் இப்போது வீட்டுப்பக்கம் 30 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது. அறுபதுக்கு ஒன்று வாட்டம் வெளிப்பக்கம் வேண்டுமென்றால் 50 மில்லிமீட்டர் இறக்கம் தேவை. வெளி விளிம்பில் மேல்பூச்சு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் தொடங்கினாலும், சுவரோரம் 80 மில்லிமீட்டர் உயரும். உங்கள் வாசல்படி அவ்வளவு உயரத்துக்கு இடம் கொடுக்கிறதா? முன்னே சொன்ன 150 மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சுகிறதா? பல வீடுகளில் இந்தக் கேள்வியிலேயே யோசனை நின்றுவிடும்.

இடம் இருந்தால், தடிப்பான பகுதிக்குக் கான்கிரீட்டும் மெலிந்த பகுதிக்குப் பாலிமர் கலவையுமாகச் செய்யலாம். அடித்தளம் அசையாமல் இருக்கவேண்டும். பழைய தளத்தின் இணைப்புக் கோடு எங்கே இருக்கிறதோ, அதே இடத்தில் மேல் அடுக்கிலும் கோடு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே ஒரு விரிசலாகப் போட்டுக்கொள்ளும்.

டைல்ஸ் ஒட்டுவதும் இதே கணக்குதான். பள்ளத்தின் மேல் ஒட்டிய டைல்ஸும் பள்ளமாகத்தான் இருக்கும். கீழே வாட்டத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் டைல்ஸைப் பற்றிப் பேசவேண்டும்.

சுவரோரம் சேனல் வடிகால் வைப்பது எப்போது சரி?

வாட்டம் வீட்டுப்பக்கம், வாசல்படி உயரம் இல்லை, உடைக்கவும் மனமில்லை என்றால், சேனல் வடிகால், அதாவது மேலே சல்லடை மூடிய நீளமான காடி வைத்து, தண்ணீரைச் சுவருக்கு முன்பே பிடித்துக்கொள்வதுதான் வழி. இதுவே ஆகச் சிறந்த தீர்வாக அமைந்ததும் உண்டு, ஆகப்பெரிய வீண்செலவாகப் போனதும் உண்டு. எப்படி அமையும் என்பதை வெளியேறும் வழிதான் தீர்மானிக்கிறது. சேனல் வாங்கும் முன், அதன் கடைசி முனையிலிருந்து தண்ணீர் எங்கே போகும், அதுவரை இறக்கம் இருக்கிறதா என்று டியூப் லெவல் வைத்து உறுதிசெய்யுங்கள். போக்கிடம் இல்லாத சேனல் ஒரு நீளமான தொட்டி, வேறொன்றுமில்லை.

முன்கூட்டித் திட்டமிடாமல் தளத்தை வெட்டாதீர்கள்: அடியில் மின்கம்பி, தண்ணீர்க்குழாய், எரிவாயுக் குழாய் போகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சேனலின் அகலத்தோடு இரு பக்கமும் சுமார் 100 மில்லிமீட்டர் சேர்த்து இரண்டு இணைகோடுகளாக வெட்டி, நடுப்பகுதியை உடைத்து எடுங்கள். சுவரை ஒட்டித் தோண்டும்போது அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைவிடக் கீழே போகவே கூடாது. அடியில் 100 மில்லிமீட்டர் கான்கிரீட் படுக்கை, அதன் மேல் சேனல், இரு பக்கமும் கான்கிரீட் அணைப்பு. நூல் கட்டி, சேனலுக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுங்கள். இடமில்லையென்றால் இருநூறுக்கு ஒன்றாவது வேண்டும்.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் இரண்டு. மேல்மூடிச் சல்லடை, பக்கத்துக் கான்கிரீட்டைவிட 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும்; ஒரு மயிரிழை உயர்ந்திருந்தாலும் தண்ணீர் அதன் முன்னால் நின்றுவிடும். கான்கிரீட் ஊற்றும்போது சல்லடையைக் கழற்றாமல், மேலே டேப் ஒட்டி அப்படியே விடுங்கள். கழற்றினால் கான்கிரீட்டின் அழுத்தத்தில் சேனலின் பக்கங்கள் உள்வாங்கி, பிறகு சல்லடை உட்காராது.

வெளியேறும் இடத்தில் வண்டல் பிடிக்கும் கூடை உள்ள ஒரு சிறு தொட்டி வையுங்கள், அங்கிருந்து 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய். குழாய்க்கும் நூற்றுக்கு ஒன்று இறக்கம். நீளமான முற்றத்தில் வெளியேறும் வழியை நடுவில் வைத்து இரண்டு பக்கமிருந்தும் சரிவு கொடுத்தால், சேனலின் ஆழம் குறையும்.

அந்தத் தண்ணீரைக் கடைசியில் எங்கே விடுவது?

மழைநீர் வடிகால் இருந்தால் அதில், உங்கள் பகுதி விதிகள் அனுமதிக்கும்படி. கழிவுநீர்க் குழாயிலோ செப்டிக் டேங்கிலோ விடவே வேண்டாம். ஒரு பலத்த மழையில் தொட்டி நிரம்பி, வீட்டுக் கழிவறைப் பக்கமே எதிர்த்து வரும். அடுத்தவர் நிலத்தை நோக்கித் திருப்புவதும் கூடாது.

வடிகால் இல்லையென்றால் உறிஞ்சுகுழி. வீட்டிலிருந்து 5 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். முதலில் மண் உறிஞ்சுமா என்று பாருங்கள். குழி அமையவிருக்கும் ஆழத்தில் ஒரு அடி நீள, அகல, ஆழமுள்ள சிறு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி முழுதும் வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். சில மணி நேரத்தில் காலியானால் நல்ல மண். மறுநாளும் பாதி நின்றால் அந்த இடத்தில் உறிஞ்சுகுழி பயன்படாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழியின் ஆழம்வரை ஏறி வந்தாலும் பயன்படாது.

அளவிலும் ஏமாறவேண்டாம். ஒரே அளவு ஜல்லி நிரப்பிய ஒரு கனமீட்டர் குழியில் தண்ணீருக்குக் கிடைக்கும் இடம் 300 முதல் 400 லிட்டர்தான், மீதி ஜல்லியே. முன்னே பார்த்த 20 சதுர மீட்டர் முற்றத்தின் ஒரு மணி நேர மழைக்கே, மண் உறிஞ்சுவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், இரண்டு கனமீட்டர் தேவை. ஜல்லியைச் சுற்றி ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) போர்த்தாவிட்டால், மண் உள்ளே புகுந்து அந்த இடமும் நாளடைவில் போய்விடும்.

மேட்டிலிருந்து தோட்டத் தண்ணீர் முற்றத்துக்கு இறங்கி வருகிறதே?

முற்றத்தில் வைத்துப் போராடாமல், மேல்பக்கத்திலேயே மறித்துத் திருப்புங்கள். முற்றத்துக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காக ஓர் ஆழமில்லாத வாய்க்கால் எடுத்து, பக்கவாட்டில் கொண்டுபோய் விட்டாலே போதும். மண்ணுக்குள்ளிருந்தும் ஊறி வந்தால், துணி விரித்த பள்ளத்தில் துளையிட்ட குழாயை, துளைகள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து, கழுவிய ஜல்லியால் மூடும் ஜல்லி வடிகால் தேவைப்படும். அதுவும் ஒரு பக்கமாக வாட்டத்தோடு ஓடி, வெளியே திறக்கவேண்டும்.

இறங்கிய தளத்தை உடைக்காமல் தூக்க முடியுமா?

தளம் துண்டு துண்டாகாமல், முழுசாக இறங்கியிருந்தால் முடியும். தளத்தில் துளைகள் போட்டு, அடியில் சிமென்ட் கலந்த கூழையோ விரியும் பாலியூரித்தேன் ஃபோமையோ செலுத்தித் தூக்குவார்கள். ஃபோமுக்குச் சிறு துளை போதும், எடையும் குறைவு, சீக்கிரம் இறுகும். கூழுக்குத் துளை பெரிது, செலவு பொதுவாகக் குறைவு. கருவியும் கைப்பழக்கமும் உள்ளவர்களின் வேலை இது. எதனால் மண் இறங்கியதோ அந்தத் தண்ணீரைத் திருப்பாமல் தூக்கினால், மறுபடி இறங்கும்.

எந்தக் கட்டத்தில் உடைத்துப் புதிதாகப் போடுவது நல்லது?

விரிசலின் இரு பக்கமும் மேடு பள்ளமாகி, நடக்கும்போது தளம் ஆடுகிறது. பல இடத்தில் தட்டினால் பொக்கென்று கேட்கிறது. சுவரோர வாட்டம் தலைகீழாகி, சேனலுக்கும் போக்கிடமில்லை. இந்த நிலையில் ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுவதில் பொருளில்லை.

புதிதாகப் போடும்போது வாட்டம் மேல்பரப்பில் மட்டும் இல்லாமல், அடிமண்ணிலிருந்தே தொடங்கவேண்டும். மண்ணையும் அதன் மேல் 100 முதல் 150 மில்லிமீட்டர் ஜல்லிப் படுக்கையையும் அதே சரிவில் இறுக்கினால்தான் கான்கிரீட் எங்கும் ஒரே தடிப்பில் அமையும். பக்கப் பலகைகளை நூல் கட்டி வாட்டத்தோடு அடித்து, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் நீங்களே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கலவை ஓடவேண்டும் என்று கூடுதல் தண்ணீர் சேர்க்க அனுமதிக்காதீர்கள். அப்படிச் சேர்த்தால் மேல்பரப்பு பலவீனமாகும், காயும்போது சுருங்கி விரிசல் விடும். 100 மில்லிமீட்டர் தளத்துக்கு 3 மீட்டருக்குள் ஒன்றாக, 25 மில்லிமீட்டர் ஆழத்தில் இணைப்புக் கோடுகள் வேண்டும். சுவரோரம் அமுங்கக்கூடிய ஃபோம் பட்டை ஒன்று. பிறகு குறைந்தது 7 நாள் ஈரம் காக்கவேண்டும்.

கொத்தனாரிடம் வேலையைக் கொடுக்கும்போது என்ன பேசிக்கொள்வது?

"வாட்டம் நல்லா இருக்கும்" என்ற வாக்கோடு நிறுத்தாமல், எங்கிருந்து எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் இறக்கம் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் கடைசியில் எங்கே போகும் என்பதைக் கையால் காட்டச் சொல்லுங்கள். கடைசித் தவணைப் பணம், தளத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல வேலைக்காரர் யாரும் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். பலர் தாங்களே பக்கெட்டை எடுத்து ஊற்றிக் காட்டுவார்கள்.

பாசி பிடித்த இடத்தை என்ன செய்வது?

விறைப்பான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் பெரும்பாலும் போதும். ப்ளீச் பயன்படுத்தினால் அதோடு ஆசிடைக் கலக்கவே கூடாது. குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். பிரஷர் வாஷரை மிக அருகில் பிடித்தால் மேல்சிமென்ட் அரித்து, தண்ணீர் தங்க இன்னும் தோதாகிவிடும்.

வேலை முடிந்த பிறகு பராமரிப்பு?

மழைக்காலத்துக்கு முன்பும் நடுவிலும் சேனல் சல்லடையைக் கழற்றி, வண்டல் கூடையைக் கொட்டிக் கழுவுங்கள். சுவரோரச் சீலன்ட்டை விரலால் அழுத்திப் பார்த்து, விட்டுப்போன இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக இடுங்கள். தளத்தின் வெளி விளிம்பில் மண் மறுபடி உயர்ந்திருந்தால் சீவிவிடுங்கள். பூந்தொட்டிகளையும் மிதியடிகளையும் தண்ணீர் ஓடும் வழியில் வைக்காதீர்கள். தொட்டிக்கு அடியில் மூன்று சிறு கற்கள் கொடுத்துத் தூக்கி வைத்தால் தண்ணீர் அடியிலேயே ஓடிவிடும்.